கோல்டன் கேட் பாலத்துக்கு ஒரே ஒரு நாள்: அப்பா அம்மாவுக்கு எப்படிக் காட்டுவது?

முதல் முறையாக அமெரிக்கா வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை ஒரே நாளில் எப்படிச் சரியாகக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. காரில் ஒரு தரம் கடந்துபோய்த் திரும்பினால் போதுமா, மூடுபனி வந்துவிட்டால் போனதே வீண்தானா என்பவை உங்கள் கவலைகள். நான் இந்த வளைகுடாப் பகுதியில் பதினேழு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தப் பாலத்துக்கு அழைத்துப்போகும் வேலை என் தலையில்தான் விழும். மனமாரச் செய்கிற வேலை அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரில் கடப்பது போதாது. பாலத்தின் மொத்த நீளம் 1.7 மைல், அதாவது சுமார் 2.7 கிலோமீட்டர். அனுமதித்த வேகம் மணிக்கு 45 மைல். கணக்குப் போட்டால் இரண்டரை நிமிடம்கூட ஆகாது. அப்பா கழுத்தை வளைத்துக் கோபுர உச்சியைத் தேடுவதற்குள் அடுத்த கோபுரமும் போய்விடும். கைப்பிடிக் கம்பிகள் கண்ணை மறைக்கும், கடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அது நடந்து பார்க்க வேண்டிய பாலம். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. நகரத்துப் பக்கமிருந்து தெற்குக் கோபுரம் வரை போய், அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினால் போதும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற இடங்களை நேரமும் கால்வலியும் விடுகிற அளவுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் எப்போதும் கீழேயிருந்துதான் தொடங்குவேன். பாலத்தின் தெற்கு முனைக்கு நேர் அடியில் ஃபோர்ட் பாயின்ட் என்று ஒரு செங்கல் கோட்டை இருக்கிறது. கடல் வழியாக எதிரிக் கப்பல் உள்ளே வராமல் தடுக்க 1853-இல் தொடங்கி 1861-இல் முடித்தார்கள். கடைசிவரை அந்தக் கோட்டையிலிருந்து போருக்காக ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பாலம் கட்ட வந்தபோது இதை இடித்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் கட்டட வேலைப்பாட்டைப் பார்த்து மனம் மாறி, கோட்டையைத் தாண்டிப் போகும்படி தனியாக ஓர் எஃகு வளைவை வரைந்தார். கோட்டை முற்றத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள். சுற்றிலும் சிவப்புச் செங்கல் சுவர், தலைக்கு மேல் ஆரஞ்சு நிற வளைவு, அதற்கும் மேலே லாரி ஒன்று போகும்போது இரும்பு இணைப்புகளில் 'தடக் தடக்' என்ற சத்தம். படத்தில் பார்த்ததைவிடப் பாலம் எவ்வளவு பெரியது என்பது அந்த இடத்தில்தான் முதலில் உறைக்கும். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தாலும் வெளியே கடல் சுவரை ஒட்டி நிற்கலாம். பெரிய அலை வரும் நாட்களில் அங்கே தண்ணீர் சாலை மேலேயே வந்து விழும், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

அங்கே சாலை முடிகிற இடத்தில் ஒரு கம்பி வேலி, அதில் இரண்டு உள்ளங்கைகள் வரைந்த ஒரு பலகை. பாலத்தில் வேலை செய்த ஓர் இரும்புத் தொழிலாளியின் பெயரால் அதை 'ஹாப்பர்ஸ் ஹேண்ட்ஸ்' என்பார்கள். காலையில் ஓட வருபவர்கள் அதுவரை வந்து, பலகையில் கை வைத்துவிட்டுத் திரும்பி ஓடுவார்கள். அதற்குக் கீழே நாய்களுக்காகப் பாதச் சுவடு போட்ட இன்னொரு பலகையும் உண்டு. நான் அழைத்துப்போன பெரியவர்கள் எல்லோரும் அதில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழேயிருந்து மேலே பாலத்துக்குப் போக மலைப்பாதை இருக்கிறது, ஆனால் முழங்கால் வலியோடு அது வேண்டாம். காரிலேயே மேலே போய்விடுங்கள். தெற்கு முனையில் வரவேற்பு மையம், கழிப்பறை, ஸ்ட்ராஸின் சிலை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடக்கத் தொடங்கும் முன் கழிப்பறைக்குப் போய் வந்துவிடுங்கள், பாலத்தின் மேல் அந்த வசதி கிடையாது. அங்கேயே பாலத்தின் பெரிய வடத்தை வெட்டிய குறுக்குத் துண்டு ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் நிதானமாகப் பாருங்கள். விட்டம் 36 அங்குலத்துக்குச் சற்று மேல். உள்ளே பென்சிலைவிட மெல்லிய கம்பிகள், ஒரு வடத்துக்கு 27,572. இரண்டு வடத்திலும் உள்ள கம்பியை நீட்டினால் 80,000 மைல். பூமியை மூன்று சுற்றுச் சுற்றி மிச்சமும் இருக்கும். இவ்வளவு தடித்த வடத்தை எப்படித் தூக்கி மேலே போட்டார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். தூக்கவே இல்லை. ஒவ்வொரு கம்பியாக ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இழுத்து இழுத்து, அந்தரத்திலேயே நூற்றுக் கட்டினார்கள்.

அப்பாவுக்குப் பொறியியலில் ஆர்வம் இருந்தால் அந்த இடத்திலேயே இதைச் சொல்லலாம். துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு கீழே விழாமல் இருக்க இரண்டு கம்பம் வேண்டும், கம்பங்கள் உள்பக்கம் சாயாமல் இருக்கக் கயிற்றின் இரு முனையையும் பின்னால் தரையில் முளை அடித்துக் கட்ட வேண்டும். இங்கே கயிறுதான் அந்த வடம், கம்பங்கள்தான் 746 அடிக் கோபுரங்கள், முளைதான் இரு கரையிலும் உள்ள மாபெரும் கான்கிரீட் கட்டைகள். துணிக்குப் பதில் சாலை தொங்குகிறது, அவ்வளவுதான். வெயில் ஏறினால் வடம் நீண்டு சாலை சற்றுத் தாழும், குளிர்ந்தால் மேலே ஏறும். பலத்த காற்றில் நடுப்பகுதி பக்கவாட்டில் அதிகபட்சம் 27 அடிக்குச் சற்று மேல் வரை நகரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அசைவதால்தான் அது நிற்கிறது.

சரி, இனி நடை. பாதசாரிகளுக்குக் கிழக்குப் பக்க நடைபாதை, அதாவது நகரத்தைப் பார்த்த பக்கம். கட்டணம் எதுவும் இல்லை. காலை 5 மணிக்குத் திறப்பார்கள். குளிர்காலத்தில் மாலை 6.30-க்கும் கோடையில் இரவு 9-க்கும் மூடிவிடுவார்கள். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். வார நாட்களில் பிற்பகல் 3.30 வரை சைக்கிள்களும் இதே பாதையில்தான் வரும். அதற்குப் பிறகும் சனி ஞாயிறுகளிலும் அவர்களுக்கு மேற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படம் எடுக்கிற ஆர்வத்தில் சட்டென்று பின்னால் நகர வேண்டாம் என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாகன இரைச்சல் காதை அடைக்கும், பேசுவது கேட்காது. சொல்ல வேண்டிய கதையை எல்லாம் ஏறுவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுங்கள்.

என் அம்மாவுக்கும் முழங்கால் வலிதான். நாலு வருடத்துக்கு முன்னால் அழைத்துப்போனபோது "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றார். வடத்திலிருந்து சாலைக்கு இறங்கும் கயிறுகள் 50 அடிக்கு ஒன்றாக இருக்கும். "அடுத்த கயிறு வரைக்கும் வாம்மா" என்று சொல்லிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தாறு கயிறு தாண்டியதும் அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார். கரையை விட்டு விலகியபின் கோபுரம் வரை இருபதுக்கு மேல் எண்ண வேண்டியிருக்கும். சாதாரணமாக நடந்தால் வரவேற்பு மையத்திலிருந்து கோபுரத்துக்குப் பதினைந்து நிமிடம். எங்களுக்கு அன்று நாற்பது நிமிடம் ஆனது. பரவாயில்லை, யாரும் துரத்தவில்லை.

கோபுரத்தை நெருங்கும்போது நடைபாதை வெளிப்பக்கமாக வளைந்து அதைச் சுற்றிப் போகும். வளைவில் திரும்பியதும் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று சட்டென்று அடங்கிவிடும். அப்போதுதான் அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு இரும்பில் கை வைத்தார். சில்லென்று இருக்கும், பல முறை பூசிய பூச்சு கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் விரலுக்கு அடியில் குமிழ் குமிழாகத் தட்டுப்படும். ஒரு கோபுரத்துக்குச் சுமார் 600,000 ரிவெட்டுகள், ஒவ்வொன்றையும் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி ஆள் அடித்தது. பேருந்து கடக்கும்போது உள்ளங்காலில் அதிர்வு ஏறும். அம்மா பயந்து என் கையைப் பிடித்தார், அடுத்த பேருந்துக்குச் சிரித்தார்.

அங்கே நின்று கீழே பார்த்தால் தண்ணீர் 200 அடிக்கும் கீழே இருக்கும். அந்தத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பசிபிக் கடலுக்கும் வளைகுடாவுக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு வாசல்தான். வளைகுடாவில் ஏறி இறங்குகிற அலையேற்றத்து நீர் முழுவதும் நாளுக்கு நான்கு தடவை இதற்குள்தான் புகுந்து வெளியேற வேண்டும். நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் தெற்குக் கோபுரம் கரையிலிருந்து 1,100 அடி தள்ளி, திறந்த கடலுக்குள் நிற்கிறது. அதைக் கட்டும்போது, நீரோட்டம் சற்று நிற்கிற கொஞ்ச நேரத்தில் மட்டுமே முக்குளிப்பவர்கள் கீழே இறங்கி வேலை பார்க்க முடிந்தது. அந்தக் கடலில் அடித்தளம் போட்டார்கள் என்பதுதான் எனக்கு இந்தப் பாலத்திலேயே பெரிய அதிசயம். நீளத்தைவிடவும் உயரத்தைவிடவும் அதுதான். வேலை தொடங்கியது 1933 ஜனவரியில், மக்களுக்குத் திறந்தது 1937 மே 27-இல். முதல் நாள் நடப்பவர்களுக்கு மட்டும், கார்களுக்கு மறுநாள்தான். இரு கோபுரங்களுக்கு இடையே 4,200 அடி. 1964 வரை உலகிலேயே நீளமான தொங்கு பாலம் இதுதான்.

ஒரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். சிலை ஸ்ட்ராஸுக்கு இருக்கிறது. ஆனால் கணக்குகளைப் பெரும்பகுதி போட்டவர் சார்லஸ் எல்லிஸ் என்ற பொறியாளர். ஸ்ட்ராஸோடு மனத்தாங்கலாகி வேலையிலிருந்து நீக்கப்பட்டார், திறப்பு விழாவில் அவர் பெயரே வரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உரிய இடத்தை ஒப்புக்கொண்டார்கள். நிறமும் கோபுரத்தின் அழகிய வரிகளும் கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவின் கைவண்ணம். ஆலையிலிருந்து வந்த இரும்பில் துருத் தடுப்புக்காக அடித்திருந்த சிவப்புப் பூச்சைப் பார்த்துத்தான் 'இன்டர்நேஷனல் ஆரஞ்சு' நிறத்தில் அவர் பிடிவாதமாக நின்றார். கப்பல்களுக்குத் தெரிய வேண்டும் என்று கடற்படை கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடிக்கச் சொன்னது. நல்லவேளை, நடக்கவில்லை. ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனையில் முடித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து பூசுவார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது உண்மையல்ல. உப்புக்காற்றில் எங்கே அரிக்கிறதோ அங்கே ஓயாமல் தொட்டுப் பூசிக்கொண்டே இருப்பார்கள்.

நடைபாதைக்கு 20 அடி கீழே இரு பக்கமும் எஃகு வலை விரிந்திருப்பதைப் பார்த்து அப்பா கேட்கலாம். இங்கே உயிரை மாய்த்துக்கொள்ள வருகிறவர்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் வருடக்கணக்கில் மன்றாடி, 2024 தொடக்கத்தில்தான் அந்த வேலை முடிந்தது. பாலம் கட்டியபோதும் ஒரு வலை இருந்தது. தொழிலாளர்களுக்காக ஸ்ட்ராஸ் கட்டவைத்த அந்த வலையில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். 1937 பிப்ரவரியில் ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். அதோடு சேர்த்து மொத்தம் 11 உயிர். நான் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் பேசாமல் நிற்பேன்.

இப்போது மூடுபனி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் மோசம். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் கொதித்து, அங்குள்ள காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த ஈரக்காற்று உள்ளே இழுபடும். கரையோர மலைத்தொடரில் கடல்மட்டத்திலேயே இருக்கிற திறப்பு இந்த வாசல் ஒன்றுதான், எனவே பனி முழுவதும் பாலத்தின் மேலேயே ஏறி வரும். சான் ஹோசேயில் வேர்த்துக் கொட்டுகிற அதே மதியத்தில் பாலத்தில் பல் கிட்டும். அதனால் எந்த மாதமானாலும் ஸ்வெட்டரும் காது மூடும் தொப்பியும் காரில் இருக்கட்டும், புடவைத் தலைப்பு அந்தக் காற்றுக்குத் தாங்காது. கோடையில் போவதானால் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காலைப் பனி விலகி மாலைப் பனி வருவதற்கு இடைப்பட்ட நேரம் அது. தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர். அதுதான் எங்களூர்க் கோடை.

ஆனாலும் பனி வந்தால் போனது வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோபுரத்தின் கால் மட்டும் தெரிந்து, உடம்பு மேகத்துக்குள் மறைந்து, எதிரே பத்துக் கயிறுக்கு அப்பால் எதுவுமே இல்லாத பாலத்தில் நடந்திருக்கிறீர்களா? கப்பல்களுக்கு வழிகாட்டும் பனிச்சங்கு அப்போது ஊதும், நடுப்பாலத்தில் ஒன்று, தெற்குக் கோபுரத்தின் அடியில் ஒன்று, இரண்டுக்கும் வேறு வேறு குரல். மில் சங்கு மாதிரி அடிவயிற்றில் இறங்குகிற சத்தம். படம் சரியாக வராது. ஆனால் என் மாமா இன்றைக்கும் தொலைபேசியில் விசாரிப்பது அந்தச் சத்தத்தைத்தான்.

அடுத்து வடகரை. தெற்கிலிருந்து கடந்ததும் வலப்பக்கம் வருகிற விஸ்டா பாயின்ட்டில்தான் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் நிற்கும். கூட்டம் அதிகம், காட்சி சுமார்தான். அதை விட்டுவிட்டு அடுத்ததான அலெக்சாண்டர் அவென்யூவில் இறங்கி, நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து, கான்சல்மேன் சாலையில் மலை ஏறுங்கள். சிறிது தூரத்திலேயே பேட்டரி ஸ்பென்சர் என்ற பழைய பீரங்கி மேடை. காரிலிருந்து சில நிமிட நடை, சரளைக்கல் பாதை, அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வடக்குக் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, அதன் பின்னால் பாலம் முழுவதும், அதற்கும் பின்னால் நகரம். நாள்காட்டிகளில் பார்க்கிற படம் இங்கிருந்து எடுத்ததுதான். நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் மேலே போய்க்கொண்டே இருங்கள், சாலையோரத்தில் ஒதுங்கி நின்று பார்க்க வேறு இடங்களும் உண்டு. 923 அடி உயர ஹாக் ஹில் வரை போனால், பனி நாளில் வெள்ளை மேகத்துக்கு மேலே இரண்டு ஆரஞ்சு உச்சிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இலையுதிர் காலத்தில் பருந்துகள் கூட்டமாக இடம்பெயர்வதையும் அங்கே பார்க்கலாம். அதற்கு அப்பால் சாலை ஒருவழி, சரிவும் கடுமை, திரும்புவதானால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

சுங்கம் நகரத்துக்குள் வருகிற திசையில் மட்டும். பத்து டாலரை ஒட்டி ஆகும். காசு வாங்க ஆள் கிடையாது, 2013 முதல் எல்லாம் மின்னணு முறைதான். சுங்கத்துக்காகக் காரில் வைக்கும் ஃபாஸ்ட்ராக் கருவி இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ரசீது அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் நிறுவனம் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் சேர்க்கலாம், எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வரவேற்பு மையத்துப் பார்க்கிங் சின்னது, வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும். கார் வேண்டாமென்றால் நகரப் பேருந்து 28 பாலத்தின் வாசலிலேயே இறக்கிவிடும்.

எங்கே நிறுத்தினாலும் காருக்குள் ஒரு பையைக்கூட விடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருமுறை இருபதே நிமிடம், பின் இருக்கையில் சித்தப்பாவின் துணிப்பை. திரும்பி வந்தபோது கண்ணாடி பொடிப்பொடியாகக் கிடந்தது. பையில் இருந்தது மாத்திரையும் பாஸ்போர்ட்டும். அடுத்த ஒரு வாரம் தூதரக அலைச்சலிலேயே போனது. பாஸ்போர்ட்டை வீட்டில் வையுங்கள், மாத்திரை கையோடு இருக்கட்டும்.

மாலையில் தெம்பு இருந்தால் கிரிஸ்ஸி ஃபீல்டு போங்கள். தரை சமதளம், உட்கார இடம் உண்டு, பாலம் முழுசாகத் தெரியும். காலை வெயில் பாலத்தின் கிழக்கு முகத்தில் விழுவதால் வண்ணப் படத்துக்குக் காலைதான் பொருத்தம், மாலையில் அதே பாலம் நிழலுருவாக நிற்கும். மாலை வெயிலில் தகதகக்கும் மேற்கு முகத்தைப் பார்க்க பேக்கர் பீச். ஆனால் அதன் வடக்கு முனையில், பாலத்துக்கு நெருக்கமான பகுதியில், உடையில்லாமல் வெயில் காய்வது வழக்கம். அப்பா அம்மாவோடு போனால் தெற்குப் பாதியிலேயே இருந்துகொள்ளுங்கள், பாலம் அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.

அன்று காலை எழுந்ததும் இணையத்தில் பாலத்தின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். கோபுரங்கள் தெரிந்தால் நான் சொன்ன வரிசையிலேயே கோட்டை, நடை, வடகரை மலை என்று போகலாம். தெரியாவிட்டால் வரிசையை மாற்றுங்கள். முதலில் வடகரையில் இருக்கும் சாசலிட்டோ போய்விடுங்கள், மலை மறைப்பதால் அந்த ஊரில் பெரும்பாலும் வெயில் இருக்கும். மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு, பனி விலக விலகப் பாலத்துக்கு வாருங்கள். அப்புறம், அம்மாவிடம் தூரத்தை மைலில் சொல்லாதீர்கள், கயிறு கணக்கிலேயே சொல்லுங்கள்.